இரவை அளக்கும் இலை: ஒரு பாரிஸ் கண்ணாடிக் குடிலில் முளைத்த கஞ்சா விதைகள் சொன்னது

காவிரிப் படுகையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய சம்பா வயலின் ஓரத்தில் சென்ற ஆண்டு ஒரு தெருவிளக்குக் கம்பம் நட்டார்களாம். மார்கழியில் வயல் முழுவதும் கதிர் வாங்கித் தலைசாய்ந்து நின்றபோது, விளக்கின் அடியில் மட்டும் ஏறக்குறைய அரைவட்ட வடிவில் பயிர் கரும்பச்சையாக நிமிர்ந்து நின்றதாம். விளக்கின் சூட்டினால் இப்படி ஆகுமா, அல்லது வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளால் ஆகுமா என்று கேட்கிறார்.

இரண்டினாலும் இல்லை. அந்த அரைவட்டத்துக்குள் இருந்த நெற்பயிருக்கு இரவு நீண்டுவிட்டது தெரியவே இல்லை. செடிக்கு இரவு தெரியுமா என்ற கேள்விக்கு முதல் துப்புக் கிடைத்த இடம் நெல்வயல் அன்று. ஏறத்தாழ நூற்றுப்பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரத்துக் கண்ணாடிக் குடில் ஒன்றில் விதைக்கப்பட்ட கஞ்சாச் செடி.

போகிற போக்கில் பெயரைப் பற்றி ஒரு சொல். நாருக்காக வளர்க்கப்படும் கஞ்சா வகைகளை நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'சணல்' என்று எழுதிவிடுகிறார்கள். கோணிப்பை நெய்யும் சணல் வேறு குடும்பம். வயலில் பசுந்தாள் உரமாக மடக்கி உழும் சணப்பு இன்னொரு குடும்பம். நான் இங்கே பேசுவது கஞ்சாச் செடியைப் பற்றியே. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி அரசின் உரிமம் இன்றி இதை வளர்ப்பது குற்றம். தொட்டியில் ஒரு செடி வைத்தாலும் குற்றமே.

பாரிஸில் ஜூலியன் டூர்னுவா என்ற இளம் தாவரவியலாளர் ஹாப்ஸ் கொடியின் ஆண், பெண் தன்மைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸும் கஞ்சாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் ஆண் பூ ஒரு செடியிலும் பெண் பூ இன்னொரு செடியிலும் வரும். வெளியே வசந்தத்தில் விதைத்தால் பல மாதங்கள் ஓங்கி வளர்ந்து கோடை முதிரும்போது பூக்கும் இந்தச் செடிகள், குளிர்காலத்தில் குடிலுக்குள் விதைத்தபோது நாற்றுப் பருவத்தைத் தாண்டுவதற்குள் பூத்துவிட்டன. சாதாரணமாகக் கஞ்சா நாற்று முதலில் ஒற்றை மடல் கொண்ட இலைச் சோடியை விடும். அடுத்த சோடியில் 3 மடல், பிறகு 5, பிறகு 7 என்று விரல்கள் கூடிக்கொண்டே போகும். எதிரெதிராக வந்துகொண்டிருந்த இலைகள் ஒரு கட்டத்தில் மாறிமாறி முளைக்கத் தொடங்கும்போதுதான் செடி பருவமடைந்தது என்று கொள்வார்கள். டூர்னுவாவின் செடிகளோ இந்த ஒழுங்குக்குக் காத்திருக்கவில்லை.

குடிலுக்குள் சூடு இருந்தது, ஈரம் இருந்தது, மண் அதே மண். குறைந்திருந்தது வெளிச்சம் மட்டுமே. பாரிஸின் குளிர்காலப் பகல் 8 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். கோடைப் பகல் 16 மணி நேரம். டூர்னுவா செடிகளுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரம் மட்டும் ஒளி காட்டிவிட்டு மூடி வைத்துப் பார்த்தார். அவை இன்னும் சீக்கிரம் பூத்தன. செடி போதிய அளவு மாவுச்சத்தைச் சேர்த்துக்கொண்ட பிறகே பூக்கும் என்பது அந்நாளின் பொதுவான நம்பிக்கை. அதன்படி, பட்டினி போட்ட செடிகள் அல்லவா பிந்திப் பூத்திருக்க வேண்டும்? 1912இல் இதை வெளியிட்ட அவர், 1914ஆம் ஆண்டுக் கட்டுரையில் இன்னும் ஓர் அடி முன்னே வைத்தார்: பகல் சுருங்குவதைவிட இரவு நீள்வதே இதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதினார். அதற்குள் முதல் உலகப் போர் வந்தது. டூர்னுவா போரில் இறந்தார்.

அதன் பிறகு அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும் வந்தார்கள். வயலில் பூக்காமல் வளர்ந்துகொண்டே போன 'மேரிலாந்து மாமத்' என்ற புகையிலையை, 1918ஆம் ஆண்டுக் கோடையில் மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டுக் கொட்டகைக்குள் தூக்கி வைத்துப் பூக்கவைத்தார்கள். பகல், இரவு நீளத்தைப் பொறுத்துச் செடி பூப்பதற்கு 1920இல் அவர்கள் சூட்டிய பெயரைத்தான் நாம் 'ஒளிக்காலத்துவம்' என்று பள்ளியில் படிக்கிறோம். கஞ்சா, சாமந்தி, சம்பா நெல் போன்றவற்றைக் 'குறும்பகல் தாவரங்கள்' என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். அந்தப் பெயர் தவறு என்பது என் கருத்து. என் கருத்து மட்டுமன்று. 1938இல் ஹாம்னர், பானர் ஆகிய இருவர் மருளூமத்தைச் செடியை வைத்து அதை நிரூபித்தார்கள். பாடப்புத்தகம்தான் இன்னும் திருந்தவில்லை.

தரிசு நிலத்தில் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் முட்காய் உடையதே மருளூமத்தை. அது ஒரே ஒரு நீண்ட இரவைக் கண்டால் போதும், பூப்பதற்கு முடிவெடுத்துவிடும். தொடர்ச்சியாக எட்டரை மணி நேரத்துக்கு மேல் இருட்டு வேண்டும், அவ்வளவுதான். பகலின் நடுவே சிறிது நேரம் இருட்டைப் புகுத்தினால் செடி கண்டுகொள்வதில்லை. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைப் போட்டு அணைத்தாலோ, அந்த இரவையே கணக்கில் சேர்த்துக்கொள்ளாது. பகலின் நீளம் மாறவில்லை. இரவு இரண்டாக உடைந்தது, பூ நின்றது. ஆகவே இவை 'நீளிரவுத் தாவரங்கள்' என்று அழைக்கப்பட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் இருட்டில் அந்தச் சிறு வெளிச்சத்தை 'பார்ப்பது' எது? நான் இருபது ஆண்டுகளாகச் சொல்லிச் சலிக்காத பகுதி இதுதான். இலைக்குள் ஃபைட்டோகுரோம் என்று ஒரு புரதம் இருக்கிறது. அதற்கு இரண்டு உருவங்கள். முதல் உருவம் 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளியை உறிஞ்சியவுடன் இரண்டாம் உருவமாக மடங்கிக்கொள்ளும். இரண்டாம் உருவம் 730 நானோமீட்டர் அளவில், நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத தொலைசிவப்பு ஒளியை உறிஞ்சினால் மீண்டும் முதல் உருவத்துக்குத் திரும்பும். பூட்டின் நாதாங்கியைப் போடுவதும் எடுப்பதும் போலத்தான்.

1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் முதலியோர் இதை முதலில் கண்டது பூவில் அன்று, முளைக்க மறுத்த லெட்யூஸ் கீரை விதையில். நனைத்த விதைக்குச் சிவப்பு ஒளி காட்டினால் முளைத்தது. சிவப்புக்குப் பின் தொலைசிவப்பு காட்டினால் முளைக்கவில்லை. மீண்டும் சிவப்பு, முளைத்தது. மீண்டும் தொலைசிவப்பு, முளைக்கவில்லை. எத்தனை முறை மாற்றிமாற்றிக் காட்டினாலும் கடைசியாகக் காட்டிய ஒளி எதுவோ அதையே விதை நம்பியது! நள்ளிரவு விளக்கால் பூவைத் தடுத்த செடிகளிலும் இதே கூத்து நடந்தது: சிவப்பு ஒளி இரவை உடைத்தது, உடனே காட்டிய தொலைசிவப்பு அந்த உடைப்பை ஒட்டிவிட்டது. அந்தப் புரதம் கருவியின் அளவீட்டில் சிக்கியது 1959இல்தான். லெட்யூஸ் விதைக்கு எந்த நிற ஒளி பிடிக்கும் என்று கேட்கும் ஆய்வுக்கு இன்று நிதி கேட்டு விண்ணப்பித்தால், 'சமூகப் பயன்' என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று ஆராய்ச்சியாளர் பேனாவைக் கடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கும்.

இருட்டில் இரண்டாம் உருவம் தானாகவே மெல்ல முதல் உருவத்துக்குத் திரும்பும் என்பதால், செடி இதையே மணற்கடிகாரமாக வைத்து இரவை அளக்கிறது என்று முதலில் எண்ணினார்கள். அழகான விளக்கம்தான், ஆனால் போதவில்லை. சோயா மொச்சையை 8 மணி நேர ஒளிக்குப் பின் 64 மணி நேரம் தொடர் இருட்டில் வைத்து, வெவ்வேறு வேளைகளில் ஒளி காட்டிப் பார்த்தபோது, அந்த ஒளி பூப்பதைத் தடுப்பதும் தூண்டுவதும் ஏறக்குறைய ஒருநாள் சுழற்சியில் மாறிமாறி வந்தது. மணற்கடிகாரம் ஒருமுறை ஓடி முடிந்தால் தீர்ந்தது. இது சுற்றிச்சுற்றி வரும் கடிகாரம். தூங்குமூஞ்சி மரத்தை இருட்டறையில் வைத்தாலும் அந்தந்த வேளைக்கு இலையை மடக்கி விரிப்பது இத்தகைய கடிகாரத்தால்தான். ஜெர்மானியரான ப்யூனிங் 1936லேயே இப்படி ஊகித்திருந்தார்: உள்ளே ஓடும் கடிகாரத்தின் குறிப்பிட்ட ஒரு வேளையில் வெளியே வெளிச்சம் இருக்கிறதா, இருட்டா என்று செடி எட்டிப்பார்க்கிறது. ஃபைட்டோகுரோம்தான் அதன் சன்னல் என்பது பின்னாளில் தெரிந்தது.

பார்ப்பது இலை, பூப்பது நுனி. இடையே செய்தி எப்படிப் போகிறது? சோவியத் அறிஞர் சைலக்யான் 1930களில் சாமந்தியின் மேற்பகுதி இலைகளைக் கிள்ளிவிட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவைக் காட்டினார். நீண்ட பகலில் நின்ற மொட்டைத் தலை பூத்தது. இலையிலிருந்து ஏதோ ஒரு பொருள் மேலே ஏறியிருக்க வேண்டும் என்று கூறி அதற்கு ஃபுளோரிஜன் என்று பெயரும் வைத்தார். அந்தப் பொருள் ஒரு சிறு புரதம் என்றும், சாறு ஓடும் குழாய்வழியே அது நுனிக்குச் செல்கிறது என்றும் உறுதியானது 2007இல். ஆதாரம் வந்த செடிகளுள் ஒன்று நெல்.

இனிக் கஞ்சாக் குடிலுக்குத் திரும்பலாம். 2018இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கனடாவில், கோடைப் பகல் நீண்டிருக்கும்போதே மாலையில் கருந்திரையை இழுத்துக் குடிலை மூடி 12 மணி நேர இருட்டை உண்டாக்குகிறார்கள். பூக்க வேண்டாம் என்றால் விளக்கெரித்து இரவைச் சுருக்குகிறார்கள். இருட்டு வேளையில் உள்ளே போக வேண்டியவர் மங்கிய பச்சை விளக்கோடுதான் போவார், ஏனெனில் ஃபைட்டோகுரோம் பச்சையை மிகக் குறைவாகவே பொருட்படுத்துகிறது. ஐரோப்பிய நார்வகைகள் பலவற்றுக்கு எல்லை ஏறத்தாழ 14 மணி நேரப் பகல். பகல் அதற்குக் கீழே குறுகினால் அவை பூக்கும். சென்னையின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. ஆகையால் அந்த விதைகள் நம் பக்கத்தில் முளைத்தால், நார் எடுக்கும் உயரத்துக்கு வளராமல் முன்கூட்டியே பூத்துவிடும். கோடை குறுகிய ரஷ்யப் பகுதிகளில் காட்டுச்செடியாக வளரும் ருடெராலிஸ் வகை மட்டும் இரவைப் பாராமல் வயது வந்ததும் பூக்கிறது. இலையுதிர்கால நீண்ட இரவுக்குக் காத்திருந்தால் உறைபனி முந்திக்கொள்ளும் அல்லவா?

வெளிச்சமே பூவைத் தடுக்கும் என்றால் பௌர்ணமி நிலவு தடுக்காதா என்று இதே வாசகர் கேட்கக்கூடும். உச்சி நிலவின் ஒளி 0.3 லக்ஸைத் தாண்டுவது அரிது. தெருவிளக்கின் அடியில் அதைப்போலப் பல பத்து மடங்கு ஒளி விழும். வளர்பிறையில் விதைத்தால் அதிகம் பூக்கும் என்று நாள் குறித்துத் தருகிறவர்களுக்கு இந்தப் பொறிமுறையில் இடமில்லை. ஆடிப்பட்டம் அப்படியன்று. மரபான சம்பா வகைகள் ஆடி, ஆவணியில் முளைத்துத் தேவையான அளவு தூர்கட்டி, இரவு நீளும் ஐப்பசி, கார்த்திகையில் பூப்பதற்கேற்ப அமைந்த கணக்கு அது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரம்தான். அதற்குள் சில நிமிட மாற்றத்தையும் இந்த நெல்வகைகள் உணர்கின்றன.

வாசகருக்கு இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். விளக்கை அகற்றத் தேவையில்லை. சாலையில் நடப்பவருக்கு அது வேண்டும். வயல் பக்கம் ஒளி விழாதபடி விளக்கின் முதுகில் ஒரு தகரத் தடுப்பு வைக்கச் சொல்லி ஊராட்சியில் எழுதிக் கொடுக்கலாம். அதுவரை அந்த மூலையில் இரவைப் பார்க்காமல் வயதை மட்டும் பார்த்துக் கதிர்விடும் குறுவை ரகம் எதையாவது நடலாம்.