ஒரு கட்டைப்பை நிறையப் பிரிக்காத கவர்கள்

துணிக்கடையில் தருகிற கட்டைப்பை ஒன்றை என் மேசை மேல் கவிழ்த்தார் அந்த அப்பா. கவர்கள் சரிந்து தரையிலும் விழுந்தன. பேங்க் கவர், இன்சூரன்ஸ் கவர், காக்கி நிற அரசாங்கக் கவர், ஜன்னல் வைத்தது, ஸ்டேப்ளர் அடித்தது. எண்ணிப் பார்த்தால் 63. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பக்கத்து நாற்காலியில் அவருடைய 34 வயது மகன், தரையில் கிடந்த ஒரு கவரின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு தடவை ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க மேடம். காசு இல்லாமயா? சம்பளம் அப்படியே அக்கவுண்ட்ல கெடக்குது. ஓசூர்ல நாலு பேருக்கு மிஷின் புரோகிராம் சொல்லிக் குடுக்கறான். வூட்டுக்கு வர்ற கவரப் பிரிக்க மாட்டேங்கறான். திமிரு."

இந்த வருடம் தருமபுரியில் என் ஆலோசனை அறைக்கு வந்த மூன்றாவது பை இது. முதலில் வந்தது அரிசிச் சாக்கு, அடுத்தது ஒரு பழைய சூட்கேஸ். மூன்று வீட்டிலும் அதே வார்த்தை: திமிர். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன். (ஊர், வேலை எல்லாம் மாற்றியிருக்கிறேன். கட்டைப்பை மட்டும் நிஜம்.)

மகனுக்கு ஆட்டிசம். அது அவருக்குத் தெரிந்தே எட்டு மாதம்தான் ஆகிறது. ஆட்டிசம் என்றால் பேச்சு வராத ஐந்து வயதுக் குழந்தை என்று நம் ஊரில் பதிந்துபோயிருக்கிறது. அந்தக் குழந்தை வளராதா? வாக்காளர் அட்டை வாங்காதா? பேச்சு வந்து, மார்க் வாங்கி, வேலைக்கும் போய்விட்ட ஒரு தலைமுறை "கொஞ்சம் ஒரு மாதிரி" என்ற பெயரோடு முப்பது நாற்பது வயதில் நிற்கிறது. ஆஸ்பெர்கர் என்று தனியாகச் சொல்லிவந்ததையும் 2013-இலேயே ஆட்டிசத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். அரசாங்கத் தாள்களில் இன்னமும் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று போடுகிறார்கள். புற உலகத்தின் ட்யூப்லைட் சத்தம்வரை ஒன்று விடாமல் உள்ளே வாங்கிக்கொள்கிறவர்களுக்கு இப்படி ஒரு பெயர். சரி, அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு.

இப்போது திமிருக்கு வருகிறேன். "இவ்வளவு படிச்சவனுக்கு ஒரு பில் கட்டத் தெரியாதா?" என்று கேட்காத அப்பா அம்மாவை நான் பார்த்ததே இல்லை. தெரியும். கட்டத் தெரியும். தெரிவது வேறு, தொடங்க முடிவது வேறு. மிஷின் புரோகிராம் எழுதும்போது முதல் வரிக்கு அடுத்த வரி என்ன என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். பேங்க்கிலிருந்து வரும் கடிதம் அப்படியா எழுதப்பட்டிருக்கிறது? குவியலிலிருந்து ஒன்றை அவரே எடுக்கட்டும் என்று விட்டேன். அவர் எடுத்தது, கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லும் கடிதம். ஒரு ஏ4 தாளை வைத்து, இந்த ஒரு கவரை முடிக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று இருவரும் எழுதினோம். எந்தக் கிளை? கணக்கு தொடங்கியது பாலக்கோட்டில், இருப்பது ஓசூரில். ஆதாரில் பழைய முகவரி. அதை முதலில் மாற்ற வேண்டுமா, அப்படியே கொடுக்கலாமா? ஜெராக்ஸ் எத்தனை? எந்த ஃபாரம்? லீவு சொல்ல வேண்டும், என்ன காரணம் சொல்வது? உள்ளே போனதும் யாரிடம் கேட்பது? அவர் போனில் பேசிக்கொண்டிருந்தால் நிற்பதா, உட்காருவதா? மொத்தம் 17 வரி வந்தது. உங்களுக்கும் எனக்கும் இது ஒரே வரி: பேங்க்குக்குப் போயிட்டு வரணும். நடுவில் இருக்கிற பதினாறும் நமக்குக் கண்ணில் படுவதே இல்லை, தானாக நடந்துவிடுகிறது. அவருக்கு 17-உம் ஒரே நேரத்தில் ஒரே அளவில் முன்னால் வந்து நிற்கின்றன. ஒன்று தெளிவாகவில்லை என்றால் அத்தனையும் நின்றுவிடும். ஏன் அப்படி என்பதை இங்கே விரிக்கப் போவதில்லை. மோனோட்ரோபிசம் (கவனம் ஒன்றிலேயே குவிந்துவிடுவதைப் பற்றிய கருத்து) என்று தேடினால் கிடைக்கும்.

அந்தக் கடிதத்தின் கடைசி வரி, "உரிய ஆவணங்களுடன் நேரில் வரவும்". அதில் "உரிய" என்ற சொல்லை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். "எதெதுன்னு போடலையே மேடம்." எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. எதெது என்று உண்மையிலேயே போடவில்லை.

இன்னொரு ஃபாரத்தில் "நிரந்தர முகவரி" என்ற கட்டத்தில் மூன்று வாரம் நின்றிருக்கிறார். ஓசூர் வீடு வாடகை. ஊர் வீட்டை அப்பா விற்கப் போவதாகப் பேச்சு. இரண்டில் எது நிரந்தரம்? பொய் எழுதினால் தப்பாகிவிடும் என்று எதையும் எழுதாமல் வைத்துவிட்டார். இதற்குப் பெயர் திமிர் என்றால், நம் அலுவலகங்களில் உட்கார்ந்து ஃபாரம் தயாரிக்கிறவர்களின் அலட்சியத்துக்கு என்ன பெயர் வைப்பது?

சோம்பேறித்தனமும் இல்லை. கவரைப் பிரிக்காமல் வைத்திருப்பவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நினைக்காதீர்கள். எந்தக் கவர் எந்த மாதம் வந்தது என்று இவர் வரிசையாகச் சொன்னார். வாசலில் பைக் நின்றால் தபால்காரரோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம். 63 கவரையும் ஒரே நேரத்தில் தலையில் சுமக்கிற சோம்பேறியை நான் இங்கேதான் பார்த்தேன்.

அப்பா பால் சொசைட்டியில் கணக்கு எழுதியவர். 1991-லிருந்து வீட்டுச் செலவை நாலணா பிசகாமல் நோட்டில் எழுதி, தேதி வாரியாகக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். அதில் ஒரு நோட்டை ஆதாரமாக எடுத்து வந்து, "நான் இப்படி, இவன் இப்படி" என்று காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ஒரே இடத்தில் கோடு, ஒரே மை. மரபணு பற்றி அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை.

எல்லாரும் சாக்கில் போட்டு வைப்பவர்களும் இல்லை. பென்னாகரம் பக்கத்து ஆசிரியை ஒருவர், தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகுதான் 38 வயதில் தனக்கும் அதுதான் என்று அறிந்தவர். இவர் நேர் எதிர். பில் வந்த நிமிடமே கட்டாவிட்டால் அன்று முழுக்க வேறு வேலை ஓடாது. சந்தேகத்தில் இரண்டு தடவை கட்டியதும் உண்டு. "இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று சில வருடமாகச் சுற்றுகிற மோசடி மெசேஜ் இருக்கிறதே, அது இவருக்கு வந்தது. எழுதியிருப்பதை எழுதியபடியே நம்புகிறவர், அழைத்துவிட்டார். நல்ல வேளை, ஓடிபி கேட்ட இடத்தில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. இவருக்கு ஒரே விதி எழுதிக் கொடுத்தேன்: மெசேஜில் இருக்கிற எண்ணுக்கு ஒருபோதும் போன் செய்யக்கூடாது. "யோசித்துச் செய்யுங்கள்" என்றெல்லாம் சொல்லிப் பயனில்லை. விதி என்றால் அப்படியே பிடித்துக்கொள்வார். பணம் போயே விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

சரி, என்னதான் செய்வது?

முதலில் வீட்டில் இருப்பவர்களுக்கு. பன்னிரண்டு கலர் ஃபைல் வாங்கி லேபிள் ஒட்டிக் கொடுக்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், மூன்றாவது வாரம் ஃபைல் மேல் கவர் ஏறியிருக்கும். மூன்று அட்டைப்பெட்டி போதும்: பணம் கட்ட வேண்டியது, பதில் கொடுக்க வேண்டியது, தூக்கிப் போட வேண்டியது. 63-இல் 29 மூன்றாவது பெட்டிக்குப் போயிற்று, பாதிக்கு மேல் கிரெடிட் கார்டு விளம்பரம். அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்ததை அப்பா கவனித்தாரா என்று தெரியவில்லை.

நாளும் நேரமும் நிலையாக இருக்கட்டும். "நேரம் கிடைக்கும்போது பாரு" என்பது பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, காலை டீ குடித்ததும், இருபது நிமிடம். முடியாவிட்டாலும் எழுந்துவிட வேண்டும்.

பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். செய்து கொடுக்க இல்லை, சும்மா உட்கார. எட்டிப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, "இது அப்பவே பண்ணியிருக்கலாம்ல" என்று நிச்சயமாகச் சொல்லக் கூடாது. இது கேலிக்குரிய யோசனையாகத்தான் பலருக்குப் படுகிறது. மார்கழியில் அவர் ஊருக்குப் போயிருந்தபோது, அவருடைய அம்மா ஊறவைத்த மொச்சையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிதுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார், ஒரு வார்த்தை பேசாமல். தோல் ஒரு தட்டில், பருப்பு ஒரு தட்டில். அந்த இருபது நிமிடத்தில் மகன் நாலு கவர் முடித்தார். மொச்சை சீசன் முடிந்ததும் என்ன செய்ய என்று அம்மா கேட்டார். பூண்டு உரியுங்கள் என்றேன்.

கரண்ட் பில்லுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங், எடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம். தகவல் எஸ்எம்எஸ்ஸில் வரும். யாருடைய எண்ணுக்கு? இவருக்கு வீட்டு ஓனர் எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓனர் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார், அது நாற்பது குட்மார்னிங்குக்குக் கீழே கிடக்கும். முதல் வேலையாக எண்ணை மாற்றுங்கள். தானாகக் கட்டிக்கொள்ளும் ஆட்டோபே போட முடிந்ததற்கெல்லாம் போட்டுவிடுங்கள், அதற்கென்று தனி சேமிப்புக் கணக்கு வைத்து. சம்பளக் கணக்கிலேயே போட்டு, பேலன்ஸ் இல்லாமல் திரும்பினால் அதற்கு ஒரு அபராதம், அப்புறம் அதற்கு ஒரு கவர்.

நேரில் போக வேண்டிய இடத்துக்கு நாலு கேள்வியைத் தாளில் எழுதிக் கொண்டு போகட்டும். என்னென்ன ஆவணம்? அசலா, நகலா? எத்தனை நகல்? எந்த கவுன்டர்? தாளை நீட்டினாலே போதும், வாய் திறக்க வேண்டியதில்லை. கூட்டமான நாளில் அனுப்பாதீர்கள். மாதத்தின் முதல் வாரம் பேங்க்குக்கு நானே போக மாட்டேன்.

இனி கண்டிப்பாக ஒன்று. கையெழுத்து கேட்டு வரும் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் தோற்றத்தை வைத்து எது முக்கியம் என்று கணிக்க முடியாது. சரியான முகவரிக்கு வந்த நோட்டீஸை வாங்க மறுத்தால், கிடைத்துவிட்டதாகவே சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்ளும். செக் திரும்பிய வழக்கில் நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். கவரைப் பிரிக்கவில்லை என்பதால் அந்த 15 நாள் காத்திருக்காது. படிக்க முடியவில்லையா, வாங்கி, மேலே தேதி மட்டும் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் அன்றைக்கே கொடுங்கள். அது போதும்.

அப்பா அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டாவது சந்திப்பில் எல்லாரும் கேட்பது இது: "பேசாம எல்லாத்தையும் எங்க பேருக்கு மாத்திடலாமா, கார்டியன் வாங்கிடலாமா?" வேண்டாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்று. அதே சட்டத்தின் 13-வது பிரிவு, சொத்து வைத்துக்கொள்ளவும் தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும் அவருக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் கலெக்டர் தலைமையிலான குழு சட்டப் பாதுகாவலரை நியமிக்கும் வழி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அது உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்கு. கவர் பிரிக்க ஆள் வேண்டும் என்பதற்காக 34 வயது மனிதரின் கையெழுத்தைப் பிடுங்கலாமா?

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் எடுக்க விருப்பம் இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மதிப்பீடு செய்வார்கள்; பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு என்று அதில் இருக்க வேண்டும். அந்த விண்ணப்பமும் ஒரு காகித வேலைதான் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இ-சேவை மையத்துக்கு அவரோடு ஒருவர் போங்கள்.

கட்டைப்பையில் இன்னும் 11 கவர் பாக்கி. அது இப்போது ஓசூரில் அவர் அறையிலேயே இருக்கிறது. என்னிடம் கொடுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பை இருந்தால் கொண்டு வாருங்கள், அவரையும் கூட்டிக்கொண்டு. கட்டு அவிழ்க்காமல் அப்படியே கொண்டு வாருங்கள். வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து, பக்கத்து சீட்டுக்காரருக்கும் கேட்கும்படி திட்டிக்கொண்டு வராதீர்கள்.