ஆணையாழி: 'ரிங் ஆஃப் பவர்' தமிழில் எப்படி?

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954–55) என்ற ஆங்கில மாயக்கதை நாவலைப் பற்றி எழுதும்போது, அதில் வரும் மந்திர மோதிரமான 'ரிங் ஆஃப் பவர்' என்பதைச் 'சக்தி மோதிரம்' என்று போட்டால் ராசிக்கல் கடை விளம்பரம்போல இருக்கும். 'மோதிரம்' சரிதான். 'பவர்' என்பதைச் சக்தி என்று கொண்டதில்தான் சறுக்கல். அந்த மோதிரத்தின் வேலை பிறர் மனத்தின்மேல் ஆணை செலுத்துவது.

இதற்கென்றே தமிழில் ஒரு சொல் கிடக்கிறது: ஆழி. வட்டம், தேர்ச்சக்கரம், மோதிரம், திருமாலின் சக்கரப்படை, அரசனின் ஆணைச்சக்கரம் ஆகிய அத்தனையும் அதன் பொருள். அசோகவனத்தில் அனுமன் இராமனின் மோதிரத்தைச் சீதையிடம் காட்டும் இடத்தில் கம்பர் 'காட்டினன் ஓர் ஆழி' என்கிறார். கணையாழியில் இருப்பதும் இதே ஆழி. ஆங்கில 'ரிங்' பழைய 'ஹ்ரிங்' என்ற சொல்லின் வழி வந்தது. அதன் பொருள் வட்டம், வளையம், அவ்வளவுதான். ஆட்சிப் பொருள் வேண்டுமென்றால் 'ஆஃப் பவர்' என்று ஒட்டவேண்டும். தமிழில் ஒரே சொல்லுக்குள் விரலும் அரியணையும் இருக்கின்றன. தெளிவுக்காக 'ஆணையாழி' எனலாம்.

கதையின் தீயவனான சௌரானை அவன் ஆழியாலேயே வீழ்த்த முடியுமா என்று வாசகருக்கு எழும் கேள்விக்கும் விடை இந்தப் பொருளிலேயே இருக்கிறது. ஆழிகள் மொத்தம் 20: எல்ஃப்கள் என்னும் சாவற்ற இனத்தாருக்கு 3, குள்ளர்களுக்கு 7, மனிதர்களுக்கு 9, இவற்றை ஆள ஒன்று. அந்த ஒன்றை எரிமலைத் தீயில் வார்த்தபோது சௌரான் தன் ஆற்றலில் பெரும்பங்கை அதற்குள் இறக்கிவிட்டான். அது இருக்கும்வரை அவனுக்கு முழு அழிவு கிடையாது. மனிதர்களின் இளவரசன் இசில்டூர் அதை அவன் கையிலிருந்து வெட்டியெடுத்தும் அழிக்காமல் வைத்துக்கொண்டான். சௌரான் மறுபடி எழுந்தான்.

அந்தத் தலைமை ஆழியைப் போட்ட உடனே எல்லாருக்கும் ஒரே பலன் கிடைத்துவிடாது. கதைநாயகன் ஃப்ரோடோ அணிந்தால் கண்ணுக்கு மறைவான். அதற்குமேல் வேண்டுமென்றால் முதலில் மிகவும் வலியவனாக வேண்டும், பிறரை அடக்கியாளத் தன் மனத்தைப் பழக்க வேண்டும் என்கிறாள் எல்ஃப்களின் தலைவி கலாட்ரியல். சிக்கலே அங்கேதான்: அந்தப் பழக்கம் முற்றுவதற்குள் அணிந்தவன் பாதி சௌரானாகியிருப்பான். மனித வீரன் போரோமிர் சொல்வதுபோல் அதை ஆயுதமாக எடுத்தால், போதிய வலிமையுள்ளவர் கையில் சௌரான் தோற்கவும் கூடும். ஆனால் வென்றவர் அவன் அரியணையில் உட்காருவார் என்று எல்ஃப் தலைவர் எல்ராண்ட் மறுத்துவிடுகிறார். 1963-இல் எழுதிய கடிதமொன்றில் டோல்கீன் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: நல்லவர் பக்கத்து மந்திரவாதி கேண்டால்ஃப் ஆழியின் தலைவராகியிருந்தால் சௌரானைவிட மோசமாகியிருப்பார்; குடிகளின் நன்மைக்கே என்று தம் அறிவுக்குப் பட்டதையெல்லாம் அவர்கள்மேல் திணித்திருப்பார்.

'டைரண்ட்' என்பதற்கு நாம் சொல்லும் கொடுங்கோலனும் இங்கே பொருந்துகிறான். 'கொடு' என்றால் வளைந்த. கொடுங்கோல் என்பது வளைந்த கோல். கிரேக்கத்தில் 'டுரன்னோஸ்' முதலில் முறைவழி வராமல் ஆட்சியைப் பிடித்தவனை மட்டுமே குறித்தது. கொடுமை பின்னால் ஏறிய பொருள். தமிழ்ச் சொல்லோ குற்றத்தைக் கோலிலேயே வைத்துவிட்டது.

எழுதும்போது ஒரு கவனம். இன்றைய காதுக்கு ஆழி என்றதும் கடல்தான் வரும். ஆழிப்பேரலை செய்த வேலை. எனவே முதல் இடத்தில் 'ஆணையாழி என்னும் மோதிரம்' என்று எழுதிவிட்டுப் பிறகு ஆழி என்று சுருக்கலாம். தலைமை மோதிரத்தை 'ஓராழி' என்றால் சூரியனின் ஒற்றைச் சக்கரத் தேர் குறுக்கே வரும். 'தனியாழி' தேவலை.