வறட்சியில் மஞ்சளாகும் செம்பனைக்கு யூரியா தீர்வாகுமா?

நெகிரி செம்பிலானின் பாஹாவ் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்களுக்கு மண்ணையும் ஓலையையும் ஆய்வு செய்து உர ஆலோசனை சொல்வது என் தொழில். மழை தள்ளிப்போகும் போதெல்லாம் ஒரே கேள்விதான் வரும்: "சார், கீழ் மட்டையெல்லாம் மஞ்சளாப் போவுது. ரெண்டு மூட்டை யூரியா போட்டுடவா?" கேட்பவர்களில் பலர் பால்மரம் சீவிய குடும்பங்களில் வளர்ந்து, சேமித்த பணத்தில் நாலைந்து ஏக்கர் செம்பனை வாங்கியவர்கள். உரம் விற்கிற விலையில் அந்த இரண்டு மூட்டை அவர்களுக்குச் சின்னச் செலவில்லை. யூரியா தருவது நைட்ரஜன் சத்தை மட்டும்தான். காசைக் கொட்டும் முன் மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சத்து எல்லாம் ஒரே வழியில் வேருக்கு வருவதில்லை. நைட்ரேட் வடிவ நைட்ரஜன், கால்சியம், மெக்னீசியம் போன்றவை மரம் உறிஞ்சும் தண்ணீரோடு சேர்ந்தே வந்துவிடும். பாஸ்பரஸும் பொட்டாசியமும் பெரும்பாலும் மண் துகள்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்துக்குள் ஊர்ந்து வர வேண்டியவை. அதிலும் பாஸ்பரஸ் ஒரு நாளில் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. நம் செம்மண்ணில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் வேறு அதை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். மண் காய்ந்தால் அந்த நீர்ப்படலம் அறுந்துபோகும். போட்ட பாஸ்பேட், அதாவது பாஸ்பரஸ் உரம், மண்ணிலேயே கிடக்கும், மரம் பட்டினி கிடக்கும்.

வெப்பம் இன்னொரு பக்கம் வேலை செய்கிறது. மண்ணில் கொஞ்சம் ஈரம் இருந்து சூடும் ஏறினால், நுண்ணுயிர்கள் மக்கை வேகமாகச் சிதைத்து நைட்ரஜனை வெளிவிடும். ஈரம் சுத்தமாகப் போய்விட்டால் அவையும் அடங்கிவிடும். ஆனால் வறட்சிக்குப் பிறகு விழும் முதல் மழையில் நைட்ரஜன் திடீரென்று பெருகும். அதாவது நைட்ரஜன் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, பாஸ்பரஸ் பின்தங்கிப் போகிறது. இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய பொருத்தம் கெடுகிறது. உலகின் வறண்ட நிலங்களில் 224 இடங்களின் மண்ணை ஆராய்ந்து 2013இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வும், வறட்சி கூடக்கூடக் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் தங்களுக்குள் இருந்த பிணைப்பை இழக்கின்றன என்றே காட்டியது. நம்முடையது வறண்ட நிலமில்லை என்பது சரிதான். ஆனாலும் பக்கத்து ஜெலெபுவைத் தீபகற்ப மலேசியாவிலேயே மழை குறைந்த இடம் என்று சொல்வார்கள், ஆண்டுக்கு 1,650 மில்லிமீட்டருக்கும் குறைவு. செம்பனைக்கு 2,000 மில்லிமீட்டராவது வேண்டும், அதுவும் மாதாமாதம் பரவலாக.

அதனால்தான் 17ஆம் மட்டையின் (உச்சியில் முழுதாக விரிந்த முதல் மட்டையிலிருந்து எண்ணி வருவது) ஓலை ஆய்வு முடிவு வந்ததும் நான் தனித்தனி எண்களை மட்டும் பார்ப்பதில்லை. வளர்ந்த மரத்தில் நைட்ரஜன் 2.4 முதல் 2.8 விழுக்காடு வரை, பாஸ்பரஸ் 0.15 முதல் 0.18 வரை இருந்தால் நல்லது. நைட்ரஜன் 2.6 என்று அழகாக இருந்தும் பாஸ்பரஸ் 0.13க்கு இறங்கியிருந்தால், அந்த மரத்துக்கு யூரியா போடுவது நோயைக் கூட்டும் வேலை.

அப்புறம், மஞ்சள் எல்லாம் ஒரே மஞ்சள் இல்லை. கீழ் மட்டையில் ஒன்றின் மேல் ஒன்று படிந்த இரண்டு ஓலைகளைப் பிரித்துப் பாருங்கள். வெயில் பட்ட இடம் மஞ்சளாகவும், மேல் ஓலையின் நிழல் விழுந்த இடம் மட்டும் பச்சையாகவும் இருந்தால் அது மெக்னீசியக் குறைவு. ஓலையை வெளிச்சத்தில் பிடித்தால் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிகின்றனவா? பெரும்பாலும் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம், குறைவு. பொட்டாஷ் குறைந்த மரம் வறட்சியில் இரட்டை அடி வாங்கும். ஓலையின் நுண்துளைகளைத் திறந்து மூடுவது பொட்டாசியம்தான், அது போதாவிட்டால் உள்ள தண்ணீரையும் மரம் காக்க முடியாது. அதற்காகப் பொட்டாஷை அள்ளிக் கொட்டினால் அது மெக்னீசியத்தை உள்ளே வரவிடாது. கொட்டிய பிறகு கீசரைட் என்ற மெக்னீசிய உரத்துக்கு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். மட்டை மஞ்சளாகாமல் நடுவில் குருத்துகள் மட்டும் நாலைந்து விரியாமல் நின்றால் அது வெறும் தண்ணீர்த் தாகம், எந்த மூட்டையும் அதைத் தீர்க்காது.

வீட்டுக் கொல்லையிலேயே இதைப் பார்க்கலாம். தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகினால் பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பார்கள். கால்சியம் தண்ணீரோடு மட்டுமே மேலே ஏறும், தண்ணீர் விட்டு விட்டுப் போனால் மண்ணில் எவ்வளவு இருந்தாலும் காய்க்குப் போய்ச் சேராது. ஒழுங்காகத் தண்ணீர் விட்டு, அடியில் சருகு போட்டு மூடினால் பெரும்பாலும் அடுத்த காய்கள் நன்றாக வரும்.

காய்ந்த மண்மேல் யூரியாவை வீசுவதில் இன்னொரு நட்டமும் உண்டு. காலைப் பனியின் ஈரமே அதைக் கரைக்கப் போதும், மண்ணுக்குள் இறங்க அது போதாது. வெயில் ஏறியதும் அம்மோனியாவாகப் பறந்துவிடும். மரவட்டத்தருகே மூக்கில் ஏறும் அந்த நெடி உங்கள் பணம்தான்.

வறட்சியின் கணக்கு அந்த ஆண்டோடு முடிவதில்லை. 2015-16 எல் நினோ வறட்சிக்குப் பின் நாட்டின் பாமாயில் உற்பத்தி ஏறக்குறைய 2 கோடி டன்னிலிருந்து 1.73 கோடியாக விழுந்தது. பூ ஆணா பெண்ணா என்பது குலை வெட்டுவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்பே முடிவாகிவிடும். வாடிய மரம் ஆண் பூவைத்தான் அதிகம் தள்ளும். குலை குறையும்போது நல்ல மழை பெய்துகொண்டிருக்கும், மக்கள் அந்த ஆண்டின் உரத்தைத் திட்டுவார்கள்.

செய்யக்கூடியது எது? வெட்டிய மட்டையை எரிக்காதீர்கள், வரிசைக்கு நடுவே அடுக்குங்கள். அதன் அடியில் கையை விட்டுப் பாருங்கள்: திறந்த மண் சுடும்போது அங்கே ஈரமும் புது வேரும் இருக்கும். பாறை பாஸ்பேட்டை அந்த அடுக்கின் மேலேயே வீசலாம். ஆலையிலிருந்து பழம் நீக்கிய வெறுங்குலை கிடைத்தால் விடாதீர்கள், ஈரத்தோடு பொட்டாஷும் தரும். மண் நனைந்து, மழை நிலைத்த பிறகு உரத்தைப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள். முதல் மழைக்கே யூரியா வேண்டாம், மண்ணே அப்போது நைட்ரஜன் கொடுக்கும். ஓலை மாதிரியை வறட்சியின் உச்சத்திலோ உரம் போட்ட கையோடோ எடுத்தால் எண்கள் ஏமாற்றும், உரம் போட்டு இரண்டு மூன்று மாதமாவது போகட்டும். ஆய்வுக்குச் செலவு செய்யத் தயங்குபவர்கள் மலேசிய செம்பனை வாரியத்தின் துனாஸ் அதிகாரியை முதலில் கேளுங்கள். சிறுதோட்டக்காரர்களுக்கு வழிகாட்டுவதுதான் அவர்கள் வேலை. போகும்போது கீழ் மட்டையில் ஒன்றை வெட்டிக் கையோடு கொண்டுபோங்கள்.