சிஎல்எல் நோயாளிக்குப் புதிதாக மூச்சிரைத்தால்

சிஎல்எல் எனப்படும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் மெதுவாகவே நகரும். பலருக்கு ஆண்டுக்கணக்கில் மருந்துகூடத் தேவைப்படாது; அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்து கவனித்து வந்தாலே போதும். ஆனால் 100 பேரில் சுமார் 2 முதல் 10 பேருக்கு அது குணம் மாறி, வேகமாக வளரும் லிம்போமாவாக, அதாவது நிணநீர்ப் புற்றுநோயாக, ஆகிவிடுகிறது. 1928-இல் மாரிஸ் ரிக்டர் என்ற மருத்துவர் இதை விவரித்ததால் 'ரிக்டர் மாற்றம்' என்கிறோம்.

கழுத்திலோ அக்குளிலோ ஒரு நெறிகட்டி மட்டும் சில வாரங்களில் பெரிதாகும். காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, எடைக் குறைவு வரலாம். ரத்தத்தில் எல்டிஹெச் என்ற நொதியின் அளவு ஏறும்.

அரிதாக இந்த லிம்போமா இதயத்திலும் இறங்கும். வலது மேலறையில் கட்டி வளரலாம், இதய உறைக்குள் நீர் கோக்கலாம், துடிப்பின் மின்பாதை தடைபடலாம். நோயாளிக்குத் தெரிவதோ மூச்சிரைப்பு, படபடப்பு, கால் வீக்கம், மயக்கம் மட்டும்தான். இங்கேதான் எளிதில் ஏமாந்துவிடுகிறோம். மூச்சிரைத்தால் ரத்தசோகை என்று தோன்றும். சிஎல்எல்லுக்கான இப்ருடினிப் மாத்திரை சாப்பிடுபவருக்குப் படபடத்தால் மருந்தின் பக்கவிளைவு என்று தோன்றும், அந்த மருந்து இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கக் கூடியதுதான். பல நேரம் அந்த ஊகம் சரியாகவும் இருக்கும். இருந்தாலும் ஈசிஜியும் எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டும் ஊசிகூடப் போடாமல் செய்யும் பரிசோதனைகள்.

எக்கோவில் கட்டி தெரிந்தால் இதய எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன் என்று போவோம். பெட் ஸ்கேனில் அதிகம் ஒளிரும் இடத்திலிருந்து பயாப்ஸி எடுக்க வேண்டும். எளிதில் எட்டும் நெறிகட்டி வேறெங்காவது இருந்தால் இதயத்தைத் தொடவே தேவையில்லை. சிலருக்கு உறையில் கோத்த நீரிலேயே புற்றணுக்கள் கிடைத்துவிடும்.

சிகிச்சை சிக்கலானது. வழக்கமான ஆர்-சாப் கூட்டு மருந்தில் உள்ள டாக்சோரூபிசின் இதயத்தைப் பலவீனப்படுத்தலாம். கட்டி சட்டென்று கரைந்தால் அது ஊடுருவியிருந்த இதயச் சுவரே கிழியும் அபாயமும் உண்டு. அதனால் இதய மருத்துவரும் உடனிருக்க, துடிப்பை இடைவிடாமல் கண்காணித்தபடி, சில நேரம் ஸ்டீராய்டில் தொடங்கி மெதுவாகப் போவோம். ரிக்டர் மாற்றம் கடினமான நோய், அதைக் குடும்பத்திடம் மறைப்பதில்லை. ஆனால் புதிய லிம்போமா பழைய சிஎல்எல் அணுக்களிலிருந்து வராமல் தனியாக உருவானதாக இருந்தால் பலன் பொதுவாகக் கூடுதல். இதைக் கண்டறியும் மரபணுப் பரிசோதனை செய்ய முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம், மூச்சிரைப்போ மயக்கமோ வந்து அவசரப் பிரிவுக்குப் போனால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல், சிஎல்எல் இருப்பதையும் சாப்பிடும் மருந்தின் பெயரையும் அங்கேயே முதலில் சொல்லிவிடுங்கள்.