குறிஞ்சி இலையிலிருந்து குலவரலாறு: மரபணுத்தொகையைப் படிக்கும் விதம்

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். விதை சிந்தியதும் செடி பட்டுப்போகும். மூணாறு சரிவுகளில் 2006இல் பூத்த செடிகளின் பிள்ளைகள்தாம் 2018இல் பூத்தன. இந்த 12 என்ற எண்ணை மறந்துவிட்டு அதன் மரபணுக்களைப் படித்தால் கணக்கு முழுக்கத் தப்பாகும்.

நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலை, பழனி மலைகளுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. உயரமான புல்வெளியில் மட்டுமே வாழும் செடிக்கு அந்தச் சமவெளி கடல் மாதிரி. இருபுறமும் உள்ள செடிகள் எப்போது பிரிந்தன, பிறகு கலந்தனவா என்பதற்கான விடை இலையில் இருக்கிறது.

வேலை மலையிலேயே தொடங்கிவிடுகிறது. வனத்துறை அனுமதியோடு, ஒரு செடிக்கு இரண்டு மூன்று இளந்தளிர்கள் போதும். பக்கத்துப் பக்கத்துச் செடிகளில் பறிக்கக் கூடாது. குறிஞ்சியின் காய் வெடித்து விதை சில மீட்டருக்குள்ளேயே விழுவதால் அவை உடன்பிறப்புகளாக இருக்கும். இலையைக் காகித உறையிலிட்டு, எடையைப்போல் 10 மடங்கு சிலிக்கா ஜெல்லுடன் ஜிப் பையில் அடைக்க வேண்டும். ஒரே நாளில், கையால் மடக்கினால் முறியுமளவு காய வேண்டும். மெல்லக் காய்ந்தால் செல்லின் நொதிகள் டிஎன்ஏவைத் துண்டாடிவிடும். நீலகிரி எக்ஸ்பிரஸில் காலையில் சென்னை வந்து இறங்கும் பையை அங்கேயே திறந்து பார்ப்பது பெரிய தவறு. இந்த ஊர்க் காற்றின் ஈரத்தை ஜெல் உடனே குடிக்கத் தொடங்கும். நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால் புது ஜெல்லுக்கு மாற்றுங்கள்.

அடுத்தது டிஎன்ஏ பிரிப்பு. காய்ந்த இலை 20 மில்லிகிராம் எடுத்துப் பொடியாக்கி, 2 சதவீத சிடேப் (செல் சவ்வைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருள்), 1.4 மோலார் உப்பு கலந்த கரைசலில் 65 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு குளோரோஃபார்ம் சேர்த்துச் சுழற்றினால் புரதம் நடுவில் ஒதுங்கும். மேல்நீரில் உள்ள டிஎன்ஏவை ஐசோபுரொப்பனால் இழையாகத் திரட்டும். மலைச்செடிகளில் சிக்கல் தருபவை ஃபீனால் வகை வேதிப்பொருள்களும் கோந்தும். ஃபீனால் காற்றுப் பட்டதும் பழுப்பாகி டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் பிவிபி, மெர்காப்டோ எத்தனால் என்ற இரண்டு வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். கோந்து மிஞ்சினால் குழாயின் அடியில் ஜெல்லி போல நிற்கும். கரைசல் 260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் விகிதம் (புரதக் கலப்பைக் காட்டுவது) 1.8 வந்துவிட்டதென்று மகிழ்வதில் பயனில்லை. 260க்கு 230 விகிதம் (கோந்து, ஃபீனால் கலப்பைக் காட்டுவது) 1.5க்குக் கீழே இருந்தால் அடுத்த கட்ட நொதிகள் சரியாக வேலை செய்யாமல் போகலாம். குளோரோஃபார்ம் கட்டத்தில் குளிரூட்டிய சுழற்றியும் வேண்டாம். 15 டிகிரிக்குக் கீழே சிடேப் தானே படிந்துவிடும்.

எல்லாச் செடிகளின் முழு மரபணுத்தொகையையும், அதாவது டிஎன்ஏவின் எல்லா எழுத்துகளையும், படிக்கச் செலவு தாங்காது. டிஎன்ஏவை நொதியால் வெட்டி, வெட்டிடங்களின் ஓரத்தை மட்டும் படிப்பது ஒரு வழி. பூக்கும் தாவரங்களுக்குப் பொதுவான 353 மரபணுக்களைத் தூண்டில் போட்டுப் பிடிப்பது இன்னொன்று. பழைய உலர்தாவரத் தாளில் ஒட்டிய இலைக்கும் இது கைகொடுக்கிறது. ஒரே இடத்தை எத்தனை முறை படித்தோம் என்பதில் கஞ்சத்தனம் கூடாது. தாய் எழுத்தும் தந்தை எழுத்தும் வேறாக உள்ள இடத்தை 3 முறை மட்டும் படித்தால், இரண்டில் ஒன்று கண்ணில் படாமல் போக நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. 10 முறை படித்தால் அது 512இல் ஒன்றாகிறது. குறைவாகப் படித்தவர்கள் செழிப்பான கூட்டத்தையும் நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே கலந்து நலிந்த கூட்டமென்று எழுதிவிடுவார்கள்.

பசுங்கணிகத்தின் (இலைக்குப் பச்சை தரும் செல் உறுப்பு) டிஎன்ஏ பெரும்பாலான பூச்செடிகளில் தாய்வழி மட்டுமே வரும், அதாவது விதையோடுதான் நகரும். உட்கரு டிஎன்ஏ மகரந்தத்தோடும் போகும். குறிஞ்சியின் மகரந்தத்தைத் தேனீ தொலைவுக்குக் கொண்டுபோகும். இரண்டும் வெவ்வேறு குலமரம் வரைந்தால் பெரும்பாலும் பிழையென்று ஒதுக்குகிறார்கள். ஆனால் பழைய கலப்பின் தடம் அங்கேதான் இருக்கக்கூடும்.

இனிக் காலம். ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் ஓராண்டுச் செடியான அராபிடாப்சிஸில் ஒரு தலைமுறைக்கு நூறு கோடி எழுத்தில் ஏறத்தாழ 7 சடுதிமாற்றம் (எழுத்து மாறுவது) நிகழ்கிறது. கடைசிப் பனியுக உச்சம் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு. ஓராண்டுச் செடிக்கு அதற்குள் 20,000 தலைமுறை கடந்திருக்கும். குறிஞ்சிக்கு 1,700கூட இல்லை. ஒரே உயிரியின் மரபணுத்தொகையிலிருந்து அதன் கூட்டத்தின் பழைய எண்ணிக்கையைக் கணிக்கும் முறையை ஹெங் லீயும் ரிச்சர்ட் டர்பினும் 2011இல் வெளியிட்டார்கள். அதில் தலைமுறைக் காலத்தை 12க்குப் பதில் 1 என்று கொடுத்தால், 2,40,000 ஆண்டுக்கு முந்தைய எண்ணிக்கைச் சரிவு 20,000 ஆண்டுக்கு முன் நடந்ததாகத் தெரியும். பனியுகத்தோடு அழகாகப் பொருந்தி ஏமாற்றும். 12 ஆண்டு வளரும் தண்டில் செல் பிரிவுகளும் கூடுதல் என்பதால் அராபிடாப்சிஸின் சடுதிமாற்ற வேகத்தை அப்படியே கடன் வாங்கவும் முடியாது. ஒற்றை ஆண்டைச் சொல்லாமல் வரம்பாகச் சொல்வதே நேர்மை.

மாதிரி உறையில் இடம், உயரம், தேதியோடு அந்தச் சரிவு கடைசியாகப் பூத்த ஆண்டையும் எழுத வேண்டும். எல்லா மலையிலும் குறிஞ்சி ஒரே ஆண்டில் பூப்பதில்லை. பூக்கும் ஆண்டு வேறான இரண்டு கூட்டங்கள் எதிரெதிர்ச் சரிவில் நின்றாலும் மகரந்தம் பரிமாற வழியில்லை. அவற்றுக்கிடையிலான வேறுபாட்டைப் பள்ளத்தாக்கின் கணக்கில் எழுதிவிடாமல் தடுப்பது உறைமேல் இருக்கும் அந்த ஓர் ஆண்டுதான்.