மன்ஹக்தோன்னா 'முதிர் மாணவி' இல்லை

நேத்து இன்னொரு வீடியோல 'முதிர் மாணவி'ங்கிற அதே வார்த்தை. 2015-ல டிவிஎன் சேனல்ல வந்த 'துபான்சே சுமுசல்'ங்கிற கொரியன் டிராமா, 16 எபிசோடு, சொய் ஜி-வூ நடிச்சது, 38 வயசுல காலேஜ்ல சேர்ற ஹா நோ-ரா கதை. அத பத்திப் பேச வந்தவர் அவளை 'முதிர் மாணவி', 'முதிர் மாணவி'ன்னே சொல்லிட்டு இருந்தாரு. நாலாவது தடவை கேட்டதும் நிறுத்திட்டேன்.

கொரியன்ல இப்படிப் படிக்க வர்றவங்களுக்கு மன்ஹக்தோன்னு பேரு. சீன எழுத்துல இருந்து வந்த மூணு துண்டு. மன்னா பிந்தினது, ஹக்னா படிப்பு (டிராமா பாக்குறவங்களுக்குத் தெரிஞ்ச, காலேஜுக்கான தேஹக், மாணவருக்கான ஹக்செங் எல்லாத்துலயும் இருக்குற அதே ஹக்), தோன்னா ஒரு வழியப் பின்பற்றி நிக்கிறவங்க. ஆக, பிந்திப் படிக்க வந்தவங்க. அவ்வளவுதான். இதுல முதுமையும் இல்ல, முதிர்ச்சியும் இல்ல, பிந்தினது படிப்புதான், ஆள் இல்ல.

இங்கிலீஷ் சப்டைட்டில்ல மெச்சூர் ஸ்டூடன்ட்னு போடுறான், நம்மாளு அந்த மெச்சூரை அப்படியே 'முதிர்'னு ஆக்கிடுறாரு. தமிழ்ல ஒரு பொண்ணு முன்னாடி 'முதிர்'னு ஒட்டினா காதுல முதல்ல என்ன விழும்? முதிர்கன்னி. கல்யாணம் ஆகாத பொண்ணுங்கள எத்தனை வருஷம் அந்த வார்த்தை குத்திருக்கு, அதே முள்ளை எடுத்து ஹா நோ-ரா மேல வைக்கணுமா? பத்தொம்பது வயசுல கர்ப்பமாகி, டான்ஸ் கத்துக்கிட்டு இருந்த ஆர்ட்ஸ் ஸ்கூலை விட்டுட்டு, குடும்பம்னு போனவ அவ. பையன் சேர்ந்த அதே காலேஜ்ல, புருஷன் புரொபசரா இருக்குற அதே காலேஜ்ல வந்து உக்கார்றா. அவளுக்கு இருக்குற சிக்கலே காலம் தப்பிப்போனதுதான்.

இன்னும் சிலர் 'முதியோர் கல்வி'ன்னு எழுதுறாங்க, அது இன்னும் மோசம். அது கையெழுத்துப் போடத் தெரியாதவங்களுக்கு எழுத்து சொல்லித் தர்றது, 1978-ல மத்திய அரசு தேசிய அளவுல ஆரம்பிச்ச திட்டம், அப்புறம் அறிவொளி இயக்கம்னு நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்ணு. உயர்ந்த வேலைதான், ஆனா வேற வேலை. எங்க தெரு அக்கா ஒருத்தங்க 43 வயசுல தமிழ் இலக்கியம் படிக்க பீஸ் கட்டிட்டு வந்தப்ப பக்கத்து வீட்டுல "முதியோர் கல்வியாக்கா?"ன்னு கேட்டாங்க. அக்கா கையில இருந்த ரசீதை மடிச்சு மடிச்சு தீப்பெட்டி அளவுக்கு ஆக்கிட்டாங்க, பதிலே சொல்லல. தப்பான சொல் பண்ற வேலை இது.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? 'பிற்பட்ட மாணவர்'னா பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் ஞாபகம் வரும். 'கடைமாணாக்கர்' கூடவே கூடாது, நன்னூல்ல ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய் வடிகட்டுற நெய்யரின்னு சொல்ற மோசமான மாணவனுக்கு வச்ச பேரு அது. மன்னுக்கு சாயங்காலம்னும் அர்த்தம் இருக்கு, அதனால 'அந்தி மாணவர்'னு ஒருத்தர் எழுதிருந்தாரு. கேக்க அழகா இருக்கு, ஆனா மாலைக் கல்லூரின்னு நினைச்சுக்குவாங்க, இல்லன்னா ஆயுசு முடியப்போகுதுன்னு. ஹா நோ-ராவுக்கு கணையத்துல கேன்சர்னு தப்பா சொல்லி அவ சாகப்போறோம்னு நினைக்கிற கதையில அந்தின்னு எழுதினா படிக்கிறவங்க நிசமாவே அப்படித்தான் எடுத்துக்குவாங்க.

எனக்குப் பிடிச்சது வயல்ல இருக்கு. முன்பட்டம், பின்பட்டம்னு விதைப்பைச் சொல்றோம்ல, பின்பட்டத்துல விதைச்ச நெல்லை யாரும் கிழட்டு நெல்லுன்னு சொல்றதில்ல, நாள் தள்ளி விதைச்சது, அவ்வளவுதான். பின்பட்டத்து மாணவி. பட்டம்ங்கிற சொல்லுல டிகிரியும் சேர்ந்தே வருது. 'த்து' விடாம எழுதணும், விட்டா பிற்பட்டன்னு காதுல விழுந்துடும். வசனத்துக்கு இதுகூட வேண்டாம், "நான் பிந்திப் படிக்க வந்தவ"ன்னு போட்டாலே போதும்.

டிராமா பேரையும் கெடுத்து வச்சிருக்காங்க. துபான்சே சுமுசல்னா 'இரண்டாவது இருபது வயசு'. 'மீண்டும் இளமை'ன்னு போட்டா பாதி போச்சு. கொரியால பிறந்தப்பவே ஒரு வயசுன்னு எண்ணுற பழைய கணக்குல, காலேஜ்ல கால் வைக்கிற வயசு இருபது. அந்த இருபது அவளுக்கு ஒரு தடவை குழந்தையோட போயிடுச்சு, இது ரெண்டாவது. இளமை திரும்புறதப் பத்தி தலைப்புல ஒரு வார்த்தை கிடையாது.

கொரியன் தெரியாம மொழிபெயர்க்கக் கூடாதுன்னு சொல்லல, இங்கிலீஷ் வழியாத்தான் நமக்கு வருது. ஆனா மூலச்சொல் என்னன்னு ஒரு நிமிஷம் தேடிப் பாக்கலாம்ல. சியோல் மாபோ பக்கம் சின்ன வயசுல படிக்க முடியாமப் போன பொண்ணுங்களுக்குன்னே இல்சங் பெண்கள் பள்ளி இருக்கு, பேத்தி எடுத்தவங்க அங்க படிச்சு நவம்பர்ல காலேஜ் நுழைவுத்தேர்வு எழுதப் போறாங்க, பேப்பர்ல அவங்கள மன்ஹக்தோன்னு மரியாதையாத்தான் எழுதுறாங்க. எழுபது தாண்டின அவங்களுக்கும் 38 வயசு ஹா நோ-ராவுக்கும் சொல் ஒண்ணுதான், ஏன்னா அந்தச் சொல் வயசை அளக்கவே இல்ல.