முறத்தளவு பலகை மரத்தைக் கவ்வுவது எப்படி?

பழனி மலையில் தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் வீடியோ ஒன்றை அனுப்பிக் கேட்டிருந்தார்: "அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர் முறத்தளவு பலகையில் மரத்தோடு ஒட்டி நிற்கிறார். ஆணி இல்லை, கவட்டை இல்லை, ஒரே ஒரு பெல்ட்டுதான். எப்படிச் சரியாமல் நிற்கிறது? ராத்திரி பன்றிக் காவலுக்கு நானே ஒன்று செய்துகொள்ளலாமா?"

வேட்டையை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கே தடுத்துவிட்டது. அது அப்படியே இருக்கட்டும். ஆனால் காவல் பரண் நம்முடையது. தினைப்புனத்தில் இதணம் மீதேறிக் கிளி ஓட்டிய வள்ளியின் கதையைப் பழனி மலைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய பரண் பலாமரக் கவட்டையில் உட்காரும், இல்லையென்றால் நாலு கால் நட்டு நிற்கும். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் நெட்டுக்குத்தாக வளர்வது. அதில் கவட்டைக்கு எங்கே போவது?

பலகையின் அமைப்பு எளிது. மரத்தை ஒட்டி 20 செ.மீ. உயரத்தில் ஓர் இரும்பு முதுகு. அதன் அடியிலிருந்து பலகை வெளியே நீள்கிறது. முதுகின் மேல்நுனியைப் பெல்ட் மரத்தோடு சேர்த்துச் சுற்றுகிறது. கீழ்நுனி பட்டையில் முட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது 60 கிலோ ஆள் மரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி நிற்கிறார் என்று வையுங்கள். பலகை முன்பக்கம் கவிழப் பார்க்கும். முதுகின் மேல்நுனி மரத்தைவிட்டு விலகப் பார்க்கும், பெல்ட் விடாது. கீழ்நுனி மரத்துக்குள் அழுந்தும். பத்தாம் வகுப்புத் திருப்புத்திறன் கணக்குதான்: 60-ஐ 30-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 90. ஆள் 60 கிலோ, பட்டையில் அழுந்துவதோ 90 கிலோ! பெல்ட்டும் மேலே அதே 90 கிலோவுக்கு மரத்தை இறுக்குகிறது. இந்த இரண்டு இடத்திலும் பிறக்கும் உராய்வுதான் ஆளைத் தாங்குகிறது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். 120 கிலோ ஆள் ஏறினால்? கீழே இழுக்கும் எடை இரண்டு மடங்காகும், அழுத்தமும் 180 ஆகிவிடும், உராய்வும் கூடவே ஏறும். சரியுமா சரியாதா என்ற கேள்வியில் எடை அடிபட்டே போய்விடுகிறது! மிஞ்சுவது இரண்டே: நிற்கும் தூரத்துக்கும் முதுகின் உயரத்துக்கும் உள்ள விகிதம், பட்டையின் சொரசொரப்பு. இரும்பும் பெல்ட்டும் எவ்வளவு எடை தாங்கும் என்பது வேறு கணக்கு. அதில் எடை முக்கியம்தான்.

இதிலிருந்து வரும் முடிவு மனசுக்கு ஒப்பாது. பயந்துபோய் மரத்தைக் கட்டிக்கொண்டு 10 செ.மீ. தூரத்தில் நின்றால், அழுத்தம் வெறும் 30 கிலோ. சரியும் ஆபத்து அங்கேதான் அதிகம். விளிம்புப் பக்கம் நிற்பவரைப் பலகை கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. கால்தளை மாட்டிய பனையேறியும், தோல் பெல்ட்டில் சாய்ந்து வேலை செய்யும் மின்கம்ப ஊழியரும் உடம்பை வெளியே சாய்ப்பது ஏன் என்று இப்போது புரியும். வீடியோக்காரர் இடுப்பில் சேணம் கட்டி, தலைக்கு மேலே மரத்தில் கட்டிய கயிற்றில் சாய்கிறாரே, அதுவும் இதே வித்தைதான். கயிறு எடையின் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. கால் பலகையை மரத்தோடு சேர்த்துத் தள்ளுகிறது.

முதல் அடி வைக்கும்போது அழுத்தம் போதாதே என்று கேட்கலாம். அதற்குத்தான் பலகையின் முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கிவைத்துப் பெல்ட்டை இறுக்கிவிட்டு, பிறகு ஒரே மிதியில் கீழே அமுக்குகிறார்கள். ஏறுவதற்கு முன்பே பெல்ட் விறைத்துவிடும்.

பட்டை விஷயத்தில் நம் மலை வேறு. ஐப்பசி மழையில் பாசி பிடித்த பட்டையில் உராய்வு பாதாளத்துக்கு இறங்கிவிடும். தைல மரமோ பட்டையை நீளநீளமாக உரித்துப் போடுகிற மரம்; பெல்ட் பட்டையைப் பிடிக்கும், பட்டை மரத்தைப் பிடிக்காது. அதில் கட்டவே கூடாது. பரணிலிருந்து யாராவது விழுந்தால் "காத்துக்கருப்பு தள்ளிவிட்டது" என்று எலுமிச்சம்பழம் அறுப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தள்ளியது பாசி. நம் தோட்ட மரங்களின் பட்டை நனைந்தால் எவ்வளவு வழுக்கும் என்று ஒரு விவசாயக் கல்லூரி மாணவர் சுருள்வில் தராசும் பெல்ட்டும் வைத்தே அளந்துவிடலாம். கோடிகள் வேண்டாம், சில ஆயிரம் ரூபாய் போதும். அதை ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தாண்டிக்குடி நண்பருக்கு: லாரியில் சரக்கு கட்டும் பாலியஸ்டர் பெல்ட் வாங்குங்கள், நைலான் நனைந்தால் நெகிழும். முழங்கால் உயரத்தில் கட்டி, மரத்தை ஒட்டியபடி நின்று குதித்துப் பாருங்கள்; பட்டையில் புதுக் கீறல் கீழ்நோக்கி இழுத்திருந்தால் அந்த மரம் வேண்டாம். உயரே போனால் உடம்பைத் தனிக் கயிற்றில் கட்டிக்கொள்ளுங்கள். விடிந்ததும் பெல்ட்டை அவிழ்த்துவிடுங்கள். மாதக்கணக்கில் விட்டால் பருக்கிற மரத்தை அது நெரித்துவிடும்.